குடும்ப மருத்துவர் பயிற்சியைப் பகுதி நேரமாக முடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அக்கா, ஒரு சந்தேகம்" என்று தொடங்கும் செய்தி எனக்கு வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும். அனுப்புகிறவர்கள் சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ எம்பிபிஎஸ் முடித்து, இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப மருத்துவர்) பயிற்சியில் சேர்ந்தவர்கள். கைக்குழந்தை, உடம்புக்கு முடியாத அப்பா, தூங்காத இரவுகள் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். கேள்வி மட்டும் அநேகமாக ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நானும் பெரும்பாலும் முழு நேரத்தின் 60 சதவீதத்தில் பயிற்சி முடித்தவள்தான். கீழே உள்ளது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள், தனி விதிகள்.

எல்டிஎஃப்டி என்கிறார்களே, அது என்ன?

முழு நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் பயிற்சி பெறுவது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது முழு நேரம். அதில் 80, 70, 60, 50 சதவீதம் என்று தேர்ந்துகொள்ளலாம். சாதாரணமாக 50-க்குக் கீழே போக முடியாது. மிக விதிவிலக்கான நிலையில் 20 சதவீதம் வரை இறங்கலாம், அதுவும் 12 மாதத்துக்கு மேல் கிடையாது.

சதவீதம் குறைவதால் பாடத்திட்டம் குறையாது, தேர்வும் குறையாது. நீளுவது நாட்காட்டி மட்டும்தான்.

மூன்று வருஷப் பயிற்சி எத்தனை வருஷமாகும்?

80 சதவீதம் என்றால் மூன்றே முக்கால் வருஷம். 70 என்றால் நாலேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. 60 என்றால் ஐந்து, 50 என்றால் ஆறு. நடுவில் சதவீதத்தை மாற்றினால் அந்தந்தக் காலத்துக்குத் தனியாகக் கணக்கிட்டு, பயிற்சி முடியும் நாளை, அதாவது பயிற்சி நிறைவுச் சான்றிதழான சிசிடியின் தேதியை, மறுபடி குறிப்பார்கள். அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். விசாவிலிருந்து வீட்டு வாடகை ஒப்பந்தம்வரை எல்லாம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

பிரசவ விடுப்பு இந்தக் கணக்கில் சேராது. அந்த மாதங்களில் கடிகாரம் நின்றுவிடும். நோய் விடுப்பு போன்றவை பயிற்சி ஆண்டு ஒன்றில் 14 நாளைத் தாண்டினால் சிசிடி தேதியைத் தள்ள வேண்டுமா என்று பார்ப்பார்கள்.

குழந்தை இருந்தால்தான் தருவார்களா?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால் கேட்காமலே இருந்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்பது உண்மை. 1960-களில் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் ரோஸ்மேரி ரூ என்ற டாக்டர், திருமணமாகி வீட்டோடு இருந்துவிட்ட பெண் மருத்துவர்களுக்காகப் பகுதி நேரப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். தனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருப்பது வெளியே தெரிந்ததும் முதல் வேலையை இழந்தவர் அவர். பிறகு போலியோவும் அவரைப் பிடித்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த திட்டத்துக்கு 'கல்யாணமான பெண்களுக்கானது' என்ற முத்திரை ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னாளில் காரணங்களை வகை வகையாகப் பிரித்தார்கள். உடல்நலக் குறைவு, மாற்றுத்திறன், குழந்தையையோ முதியவர்களையோ பார்த்துக்கொள்வது எல்லாம் முதல் வகை. விளையாட்டு, மதப் பொறுப்பு போன்றவை இரண்டாவது வகை. 'எனக்கு வேண்டும், என் மனநலத்துக்கு இது தேவை' என்பதை மூன்றாவது வகையாக 2017-இல் அவசர சிகிச்சைத் துறையில் மட்டும் சோதித்துப் பார்த்தார்கள். 2022 வாக்கில் இங்கிலாந்தில் எல்லாத் துறைக்கும் திறந்துவிட்டார்கள். ஆகவே இன்று ஆண்களும் கேட்கலாம், குழந்தை இல்லாதவர்களும் கேட்கலாம். விண்ணப்பத்தில் சோகக் கதை எழுத வேண்டியதில்லை. நம் ஊர் லீவ் லெட்டர் பழக்கத்தில் பாட்டியைச் சாகடிக்காதீர்கள்.

எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?

தொடங்க நினைக்கும் தேதிக்கு 16 வாரம் முன்னால். இந்த எண்ணை மறக்காதீர்கள். பிப்ரவரியில் இடம் மாறும்போது தொடங்க வேண்டுமானால் அக்டோபர் நடுப்பகுதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். திடீர் நோய் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு.

பயிற்சி இடத்துக்கான தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பகுதி நேரம் கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று. தகுதியை ஏற்பது வேறு, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட சதவீதம் கிடைப்பது வேறு. முதலாவதைப் பயிற்சி அமைப்பு தரும் (பேர் பலமுறை மாறியும் எல்லோரும் இன்னும் டீனரி என்றுதான் சொல்கிறோம்). இரண்டாவதற்கு மருத்துவமனையும் தலையாட்ட வேண்டும். சில இடங்களில் இரண்டு பேரை ஒரே இடத்தில் போட்டு ஆளுக்கு 50, 60 சதவீதம் என்று பகிர்ந்து தருவார்கள். அப்படி வந்தால் உங்கள் ஜோடி யார் என்று முன்னாலேயே கண்டுபிடித்து, யாருக்கு எந்த நாள் என்று நீங்களே பேசிக்கொண்டு போய்ச் சொல்வது நல்லது. ரோட்டா (வேலை அட்டவணை) போடுகிறவரிடம் விட்டால் திங்களும் வியாழனும் கிடைக்கும், குழந்தைக் காப்பகத்தில் செவ்வாயும் புதனும்தான் காலியாக இருக்கும்.

அறுபது சதவீதம் என்றால் வேலையும் அறுபது சதவீதம்தானா?

எல்லோரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஜிபி பிராக்டிஸில் (குடும்ப மருத்துவ நிலையத்தில்) இருக்கும்போது முழு நேர ட்ரெய்னியின் வாரம் 10 செஷன். ஒரு செஷன் நாலு மணி நேரம். இதில் 7 செஷன் நோயாளிகளைப் பார்க்க, 3 செஷன் படிப்புக்கு. அப்படியானால் 60 சதவீதம் என்பது 6 செஷன், 24 மணி நேரம். அதில் நோயாளிகளுக்கு நாலும் கொஞ்சமும், மீதி படிப்புக்கு. இந்தப் பின்னக் கணக்கு யாருக்கும் பிடிக்காது. அதனால் என்ன நடக்கும் தெரியுமா? "மூன்று நாள்தானே வர்றீங்க" என்று மூன்று நாளும் காலை மாலை கிளினிக் போட்டுவிடுவார்கள். படிப்பு நேரம் காணாமல் போய்விடும். நான் போன ஒரு பிராக்டிஸில் முதல் இரண்டு மாதம் இப்படித்தான் ஓடியது. மூன்று நாளில் ஆறு கிளினிக். போர்ட்ஃபோலியோ (பயிற்சிப் பதிவேடு) எழுதுவது, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் 'லீவு' நாளில், குழந்தை தூங்கும் நேரத்தில். சம்பளம் அறுபது, உழைப்பு எண்பத்தைந்து. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே வேலைக்குச் சேருமுன் வொர்க் ஷெட்யூல் (எந்த நேரம் என்ன வேலை என்ற பட்டியல்) கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. அதை உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அதற்குமேல் நேரம் போனால் அதைப் பதிவு செய்யும் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் போடுங்கள். புகார் சொல்கிற மாதிரி இருக்குமே என்று தயங்குவோம், நம் வளர்ப்பு அப்படி. அது புகார் இல்லை, கணக்கு ஒப்படைப்பது.

அடுத்தது வகுப்பு நாள். வாராந்தர பாடம் புதன்கிழமை நடக்கிறது, நீங்கள் புதன் வேலை செய்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். இதில் எல்லா வகுப்புக்கும் போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, உங்கள் சதவீத அளவுக்குப் போனால் போதும். பயிற்சிக் காலம் நீள்வதால் மொத்தக் கணக்கு சரியாகிவிடும். விடுப்பு நாளில் வகுப்புக்குப் போனால் அந்த நேரத்தை வேறு நாளில் திருப்பி வாங்குங்கள். ஆரம்பத்திலேயே பேசி முடிவு செய்யாவிட்டால் நடக்காது.

மூன்றாவது, நோயாளியின் பாதுகாப்பு. செவ்வாய் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வியாழன் வரும், நீங்கள் திங்கள்தான் வருவீர்கள். பொட்டாசியம் 6.4 என்று ஆபத்தான அளவில் வந்தால் நடுவில் யார் பார்ப்பது? இதற்கு ஒரு டாக்டரைப் பெயர் சொல்லி நியமித்திருக்க வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதல் வாரத்திலேயே கேளுங்கள், பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். வீட்டில் லேப்டாப்பைத் திறந்து நீங்களே பார்ப்பது தீர்வு ஆகாது.

சம்பளம் எவ்வளவு குறையும்?

அடிப்படைச் சம்பளம் சதவீதப்படி குறையும். 2025-26 கணக்கில் முதல் இரண்டு வருஷ ட்ரெய்னிக்கு முழு நேர அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 52,656 பவுண்டு, மூன்றாம் வருஷத்துக்கு 65,048. 60 சதவீதம் என்றால் முதலாவது சுமார் 31,600 ஆகிறது. எந்தச் சதவீதமானாலும் எல்டிஎஃப்டி படியாக ஆண்டுக்கு 1,000 பவுண்டு தனியாக உண்டு. பே-ஸ்லிப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு விட்டுப்போகும்.

மூன்றாம் வருஷத்தில் 80 சதவீதத்துக்கு இறங்கினால் 13,000 பவுண்டு போகிறதே என்று பயப்பட வேண்டாம். 50,270-க்கு மேலே உள்ள வருமானத்துக்கு 40 சதவீத வரி. வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்த மேல்பகுதிதான். ஓய்வூதியப் பிடித்தமும் 2022 அக்டோபர் முதல் நீங்கள் உண்மையில் வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே கையில் குறையும் தொகை அந்த 13,000-ஐவிட நிறையவே குறைவு.

எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கிறது. வேலை பார்க்கும் பெற்றோருக்கு அரசு தரும் 30 மணி நேர இலவசக் குழந்தைக் காப்பகம், பொது நிதி உதவி கிடையாது என்று விசாவில் முத்திரை உள்ளவர் விண்ணப்பித்தால் கிடைக்காது. உங்கள் ஆங்கிலத் தோழி நாலு நாள் வேலை செய்து லாபம் பார்ப்பாள், நீங்கள் நாலு நாளுக்கும் முழுக் கட்டணம் கட்டுவீர்கள். மூன்று வயது ஆனபின் எல்லாக் குழந்தைக்கும் உள்ள 15 மணி நேரம் உங்கள் குழந்தைக்கும் உண்டு. ஐம்பதா அறுபதா எண்பதா என்பதைக் காப்பகக் கட்டண அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.

விசாவுக்குப் பிரச்சினை வருமா?

வரலாம். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே ஸ்பான்சரிடம் கேளுங்கள். பயிற்சியில் உள்ளவர்களுக்கு ஸ்பான்சர், சம்பளம் போடும் மருத்துவமனை ட்ரஸ்ட் இல்லை, அரசு மருத்துவச் சேவையை நடத்தும் என்எச்எஸ் இங்கிலாந்து. சம்பளமோ நேரமோ மாறினால் அவர்கள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணியின் ஊதிய விகிதத்தை வேலை நேரத்துக்கேற்பக் குறைத்துக் கணக்கிடலாம். ஆனால் விசாவுக்கான பொதுக் குறைந்தபட்ச வரம்பு அப்படிக் குறையாது. டாக்டர்களுக்கான 'ஹெல்த் அண்ட் கேர்' விசாவுக்கு 2025 ஏப்ரல் முதல் அது 25,000 பவுண்டு. முதல் வருஷத்தில் 50 சதவீதம் என்றால் சம்பளம் சுமார் 26,300. தப்பிக்கிறோம், ஆனால் மயிரிழையில். வரம்பு அடிக்கடி மாறுவதால், விசா புதுப்பிக்கும் தேதியில் எது நடப்பில் இருக்கும் என்று அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிசிடி தள்ளிப்போனால் விசா முடியும் தேதியும் பொருந்தாமல் போகும். ஸ்பான்சரிடம் புதிய ஸ்பான்சர் சான்றிதழ் வாங்கி, பழைய விசா முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கு ஐந்து வருஷம் வேண்டும், முழு நேரப் பயிற்சி மூன்றே வருஷத்தில் முடிந்துவிடும். படிப்பு முடிந்த கையோடு விசா கொடுக்கும் பிராக்டிஸைத் தேடி ஓட வேண்டிய நிலை. இதற்காகத்தான் சிசிடிக்குப் பின் நாலு மாதம் சேர்த்து விசா கொடுக்கிறார்கள். 60 சதவீதத்தில் போகிறவருக்குப் பயிற்சிக்குள்ளேயே ஐந்து வருஷம் நிறைந்துவிடும். ஆனால் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஐந்தைப் பத்தாக்கும் யோசனை 2025 மே மாத வெள்ளை அறிக்கையிலேயே வந்துவிட்டது.

தேர்வுகளும் மதிப்பீடும் எப்படி?

ஜிபி ஆவதற்கான தகுதித் தேர்வான எம்ஆர்சிஜிபிக்கு மூன்று பகுதி. அறிவுத் தேர்வான ஏகேடியை இரண்டாம் வருஷத்திலிருந்து எழுதலாம். நோயாளியாக நடிப்பவரிடம் பேசும் தேர்வான எஸ்சிஏ மூன்றாம் வருஷத்தில், 12 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 12 நிமிஷம், இருந்த இடத்திலிருந்தே. மூன்றாவது, வேலையிடத்தில் நடக்கும் மதிப்பீடு. இங்கே 'வருஷம்' என்பது பயிற்சி வருஷம். 60 சதவீதத்தில் ஒரு பயிற்சி வருஷம் 20 மாதம். முழு நேரக்காரர் 12 மாதத்தில் எழுதும் 36 நோயாளி அனுபவக் குறிப்புகளை நீங்கள் 20 மாதத்தில் எழுதுகிறீர்கள். பயிற்சியில் முன்னேற்றத்தை மதிப்பிடும் ஏஆர்சிபி குழு மட்டும் நாட்காட்டி வருஷத்துக்கு ஒருமுறையாவது உங்களைப் பார்க்கும். அதனால் முழு நேரக்காரரைவிட அதிக தடவை அதன் முன் நிற்பீர்கள். எரிச்சலாக இருக்கும், வேறு வழியில்லை.

என் அனுபவத்தில் ஏகேடிக்கு நீண்ட காலம் உதவியது, எஸ்சிஏவுக்கு இடைவெளி கெடுத்தது. நாலு நாள் கழித்துக் கிளினிக்கில் உட்கார்ந்தால் முதல் இரண்டு நோயாளிக்கு நாக்கு எழும்பாது. அவர் என்ன நினைக்கிறார், எதைக் கண்டு பயப்படுகிறார், என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்கும் முறைக்கு இங்கே சுருக்கமாக 'ஐஸ்' என்று பெயர். நம்மூரில் ஐஸ் வைப்பது வேறு சங்கதி என்பதால் எனக்கு ரொம்ப நாள் சிரிப்பு வரும். அந்தக் கேள்விகள் இயல்பாக வர, தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் வேலை நாட்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பேச்சு சரளமானது.

விடுமுறைக் கணக்கு?

வருஷ விடுப்பும் படிப்பு விடுப்பும் சதவீதப்படி. பொது விடுமுறையில்தான் ஏமாறுவோம். இங்கிலாந்தில் வழக்கமாக வருஷத்துக்கு 8, அதில் பாதி திங்கட்கிழமை. திங்கள் வேலை செய்யாதவருக்கு அவை கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 60 சதவீதத்துக்கு 4.8 நாள் உங்கள் பங்கு, எந்தக் கிழமை வேலை செய்தாலும்.

பிரசவ விடுப்பிலிருந்து நேராக எல்டிஎஃப்டிக்கு வரலாமா?

வரலாம், பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் 16 வாரம் இங்கேயும் பொருந்தும். விடுப்பு 52 வாரம் வரை. குழந்தைக்கு ஏழு மாதம் ஆகும்போதே காகிதம் போட்டால் நிம்மதி. விடுப்பு நடுவே 10 நாள் வரை சம்பளத்தோடு வந்து வேலை பார்க்கலாம், அது கட்டாயமில்லை. மூன்று மாதத்துக்கு மேல் விலகியிருந்தவர்களுக்குத் திரும்பிவர உதவும் திட்டம் இங்கிலாந்தில் உண்டு. முதல் சில வாரம் கூட ஒருவர் இருப்பார், ஆன்-கால் உடனே போட மாட்டார்கள். "எனக்கு வேண்டாம், சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லாதீர்கள். மருந்து அளவே மறந்திருக்கும்.

லீவு நாளில் லோகம் (தற்காலிக மாற்று டாக்டர் வேலை) போகலாமா?

முன்பு தடை இருந்தது, இப்போது தளர்ந்திருக்கிறது. சூப்பர்வைசருக்குத் தெரிவித்து, வருஷாந்தரப் படிவத்தில் எழுத வேண்டும். விசாவில் இருப்பவர்கள் கூடுதல் வேலைக்கான விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். களைப்பு என்று சொல்லிப் பகுதி நேரம் வாங்கிவிட்டு வார இறுதியில் இரவு ஷிஃப்ட் எடுத்தால் கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

ஊரில் இப்படி உண்டா? வேலூரில் ஏதோ பகுதி நேரப் படிப்பு இருக்கிறதாமே?

அது வேறு. வேலூர் சிஎம்சி 2006-இலிருந்து நடத்தும் குடும்ப மருத்துவப் பட்டயம் தொலைநிலைக் கல்வி. ஏற்கெனவே பிராக்டிஸ் செய்யும் எம்பிபிஎஸ் டாக்டர்கள் வேலையை விடாமல் இரண்டு வருஷம் படித்து, நடுநடுவே நேர்முக வகுப்புக்குப் போகும் முறை. நல்ல படிப்பு, எனக்குத் தெரிந்தவர்கள் அதனால் தேவையில்லாமல் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது இங்கிலாந்தின் சிசிடிக்கு ஈடாகாது. இந்தியாவில் எம்டி இடங்கள் முழு நேர ரெசிடென்சிதான். அறுபது சதவீதம் என்று கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? "ஃபெயில் ஆயிட்டியா?" என்கிறார்கள்.

என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். "மூணு வருஷப் படிப்பு, அஞ்சு வருஷமா?" நான் சொன்ன விளக்கம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் பயிற்சி முடித்த ஜிபிகளிலேயே வாரத்துக்கு ஆறு செஷன் வேலை பார்ப்பவர்கள் ஏராளம் என்றும், அவர்களையும் யாரும் அரை டாக்டர் என்று சொல்வதில்லை என்றும் என் கணவர் சொன்னபோது ஒத்துக்கொண்டார். மகன் சொன்னால் அதே விஷயம் புரிந்துவிடுகிறது!

முழு நேரத்துக்குத் திரும்ப முடியுமா?

முடியும். மறுபடி 16 வார அறிவிப்பு, மறுபடி இடம் இருக்க வேண்டும், மறுபடி சிசிடி தேதி மாறும். இருவர் பகிரும் இடத்தில் இருந்தால் உடனே கிடைக்காது, அடுத்த மாற்றம்வரை காத்திருக்க வேண்டும். என் மகன் பள்ளியில் ரிசப்ஷன் வகுப்பில் சேர்ந்த செப்டம்பரில் நான் 80-க்குப் போனேன். அதற்கான விண்ணப்பத்தை மே மாதமே அனுப்பியிருந்தேன்.